வாய்வரை வரும் தமிழ்

சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் தமிழுக்கான வாய்மொழித் தேர்வு ஆகஸ்ட் மாதம் நடக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை முதலில் ஒரு பத்தியை வாய்விட்டு வாசிக்க வேண்டும். அடுத்து, திரையில் பார்த்த ஒரு காணொளியைப் பற்றித் தேர்வாளர்களோடு உரையாட வேண்டும். தமிழ்ப் பாடத்தின் மொத்த மதிப்பெண்ணில் கால் பங்கு இந்தச் சில நிமிடங்களுக்குரியது. வாசிப்பு எழுத்துத் தமிழில் இருக்கும். உரையாடல் பேச்சுத் தமிழில் நடக்கும். “அவர்கள் உணவங்காடி நிலையத்துக்குச் சென்றார்கள்” என்று வாசித்து முடித்த பிள்ளை, மூச்சு வாங்கும் நேரத்துக்குள் “அவங்க சாப்பிடப் போனாங்க” என்ற தமிழுக்கு மாற வேண்டும். நாள் முழுதும் வீட்டில் தமிழ் கேட்கும் பிள்ளைக்கு இந்த மாற்றம் தெரியாமலே நடந்துவிடும். தோ பாயோவின் அடுக்குமாடி வீடுகளில் ஆங்கிலத்திலேயே கொஞ்சி, சண்டை போட்டு, தூங்கப் போகும் பிள்ளைக்கு இரண்டுமே பெரும்பாலும் பள்ளியில் கற்றவைதான். பதற்றம் வந்துவிட்டால் எதை எங்கே பேசுவது என்ற தெளிவுதான் முதலில் போகும்.

அந்தப் பிள்ளை தடுமாறி நிற்பதைப் பார்க்கும் பெற்றோர், உறவினர், சில சமயம் ஆசிரியர், எல்லோரும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: “தமிழ்ல இன்ட்ரஸ்ட்டே இல்ல.” இது பெரும்பாலும் தவறான முடிவு என்பதே என் வாதம். ஆர்வம் இல்லாத பிள்ளையும் பேசாது, பயந்த பிள்ளையும் பேசாது. வெளியே தெரிவது ஒரே மௌனம். ஆனால் ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து இன்னொன்றுக்கு விஷமாகிவிடக்கூடும். ஆர்வமில்லாத பிள்ளையை மேடையேற்றினால் ஒருவேளை ஆர்வம் பிறக்கலாம். பயந்த பிள்ளையை மேடையேற்றினால் அது அடுத்த மேடையின் பக்கமே வராது.

மொழி கற்போரின் பதற்றத்தைத் தனியாக அளக்கும் முயற்சியில் 1986 ஒரு மைல்கல். அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் எலைன் ஹார்விட்ஸும் அவருடைய இரு சகஆய்வாளர்களும் 33 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். பிறர் முன்னால் பேசத் தயங்குவது, தேர்வை அஞ்சுவது, மற்றவர்கள் தன்னைத் தாழ்வாக மதிப்பிடுவார்களோ என்று நடுங்குவது ஆகிய மூன்றையும் அதில் சேர்த்துப் பார்த்தார்கள். மொழி வகுப்பின் பதற்றம் மற்றப் பாடங்களின் பதற்றத்தைப் போன்றதல்ல என்பது அவர்கள் முன்வைத்த கருத்து. கணிதத்தில் விடை தவறினால் விடைதான் தவறு. பேசும்போது தவறினால், பேசுகிறவரே குறைந்துபோனதாகத் தோன்றும். ஆங்கிலத்தில் நகைச்சுவையும் வாதமும் சரளமாக வரும் ஒரு பதினோரு வயதுப் பெண், தமிழில் வாயைத் திறந்ததும் ஐந்து வயதுக் குழந்தையாகிவிடுகிறாள். அந்தக் கூச்சத்துக்குச் சோம்பல் என்று பெயர் வைப்பது அநியாயம்.

2014இல் ஆய்வாளர்கள் ழான்-மார்க் தவேலும் பீட்டர் மெக்கின்டயரும் பல நாடுகளைச் சேர்ந்த 1,746 மொழி மாணவர்களிடம் கேட்டுப் பார்த்ததில் இன்னொன்று தெரிந்தது. வகுப்பில் கிடைக்கும் மகிழ்ச்சியும் அங்கே தோன்றும் பதற்றமும் ஒரே அளவுகோலின் இரு முனைகள் அல்ல. ஒன்று ஏறினால் மற்றது அதே அளவு இறங்குவதில்லை. இரண்டும் ஒரே பிள்ளைக்குள் சேர்ந்தே இருக்க முடியும். தமிழ் வகுப்பைப் பிடிக்கும், தமிழாசிரியரைப் பிடிக்கும், ஆனாலும் எழுந்து நின்று பேசச் சொன்னால் கை வியர்க்கும். இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தோ பாயோவில் தேடிப் போக வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு ஒரு துணைப்பாட வகுப்பில் பார்த்ததைச் சொல்கிறேன். உணவங்காடியில் சாப்பிட்ட தட்டைத் திரும்ப வைக்காமல் போகும் ஓர் இளைஞனைப் பற்றிய காணொளி. தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் சிறுமி ஒருத்தி பேச வேண்டும். “அந்த அண்ணன் தட்ட...” என்று நன்றாகத்தான் தொடங்கினாள். உடனே நிறுத்தி, “தட்டை” என்று திருத்திக்கொண்டாள். பிறகு “மேசையில் வைத்துவிட்டு” என்றவள், அது எழுத்துத் தமிழ் என்று தானே உணர்ந்து, “வெச்சிட்டு” என்றாள். அதற்குப் பிறகு வரவேண்டிய ‘போயிட்டாரு’ என்ற எளிய சொல் வரவே இல்லை. ஆசிரியையின் முகத்தைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள். “எனக்குத் தெரியும், டீச்சர். வெயிட், வெயிட்” என்றாள். அவளுக்கு உண்மையாகவே தெரியும். வகுப்பு முடிந்து தோழியிடம் அதே கதையைப் பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக, ‘போயிட்டாரு’ உட்பட, கைகளை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டே மின்தூக்கிக்குப் போனாள்.

அங்கே நடந்ததை உளவியல் ஏறத்தாழ விளக்கிவிட்டது. தேர்வுப் பதற்றத்தில் இரண்டு கூறுகள் உண்டு என்று லீபர்ட்டும் மோரிஸும் 1967இல் பிரித்துக் காட்டினார்கள். நெஞ்சு படபடப்பதும் வயிறு கலங்குவதும் ஒன்று. ‘தப்பாகிவிடுமோ, என்ன நினைப்பார்களோ’ என்று மனத்துக்குள் ஓடும் கவலை மற்றொன்று. மதிப்பெண்ணை அதிகம் பாதிப்பது இரண்டாவதுதான். மனித மனம் ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கக்கூடிய செய்தி மிகச் சிறிதளவே. கவலை அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது; தன் பேச்சைத் தானே கண்காணிக்கும் வேலை இன்னொரு பங்கை எடுத்துக்கொள்கிறது. மிச்சமிருக்கும் இடத்தில் சொல்லையும் விகுதியையும் தேட வேண்டும். மைக்கேல் ஐசென்க்கும் அவருடைய குழுவினரும் 1992 முதல் வளர்த்தெடுத்த கோட்பாட்டின் சாரம் இது. பதற்றப்படும் பிள்ளை குறைவாக உழைப்பதில்லை. அதே இடத்துக்கு வந்து சேர மற்றவர்களைவிட அதிகம் உழைக்கிறது.

“கொஞ்சம் பயம் இருந்தாத்தான் படிப்பாங்க” என்று சொல்லும் பெற்றோர் தம்மை அறியாமலே 1908ஆம் ஆண்டின் ஓர் ஆய்வைத் துணைக்கு அழைக்கிறார்கள். யெர்க்ஸும் டாட்சனும் எலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்து, வெளிச்சத்தின் வேறுபாட்டைக் கற்கவைத்தார்கள். அதிலிருந்துதான் மிதமான அழுத்தம் நல்லது என்ற பாடத்தைப் பலரும் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆய்வின் மறுபாதியைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. பணி எளிதாக இருந்தபோது கடுமையான அதிர்ச்சி கற்றலை விரைவுபடுத்தியது. பணி கடினமானபோது அதே அதிர்ச்சி கெடுத்தது. பாதி தெரிந்த மொழியில் அந்நியர் முன் உரையாடுவதைவிடக் கடினமான பணியைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கேட்பது அரிது. எலியிலிருந்து பிள்ளைக்குத் தாவுவதே சரியில்லை என்பது என் எண்ணம். தாவியே தீருவோம் என்பவர்கள் முழு ஆய்வோடு தாவட்டும்.

சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் பயம் தமிழோடு தொடங்குவதில்லை. 2015ஆம் ஆண்டின் பீசா என்ற அனைத்துலக மாணவர் ஆய்வில், நன்றாகத் தயாராகியிருந்தாலும் தேர்வு என்றால் மிகவும் பதற்றமாக இருக்கிறது என்று இங்குள்ள 15 வயது மாணவர்களில் 76 விழுக்காட்டினர் சொன்னார்கள். பொருளாதார ஒத்துழைப்பு மேம்பாட்டு அமைப்பைச் சேர்ந்த நாடுகளின் சராசரி 55. குறைந்த மதிப்பெண் வந்துவிடுமோ என்று கவலைப்பட்டவர்கள் இங்கே 86 விழுக்காடு, அங்கே 66. சாதிக்க வேண்டும் என்ற வேட்கையிலும் இதே மாணவர்கள் சராசரிக்கு மேலே நின்றார்கள். இந்த நாட்டில் வேட்கையும் அச்சமும் கைகோத்தே வளர்கின்றன. அதே அறிக்கை சொன்ன இன்னொரு செய்தி அப்போது இங்கே போதிய கவனம் பெறவில்லை என்று நினைக்கிறேன். மாணவர்களின் பதற்றம் தேர்வுகளின் எண்ணிக்கையையோ படிக்கும் மணி நேரத்தையோ பொறுத்து ஏறி இறங்கவில்லை. தங்கள் ஆசிரியரும் பள்ளியும் எவ்வளவு துணை நிற்கிறார்கள் என்று மாணவர்கள் உணர்கிறார்களோ, அதனோடுதான் அது சேர்ந்து நகர்ந்தது.

அதற்குப் பிறகு அரசு சும்மா இருக்கவில்லை. 2019 முதல் தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் மதிப்பெண்ணுக்கான தேர்வுகள் இல்லை. 2023க்குள் எல்லா நிலைகளிலும் அரையாண்டுத் தேர்வு போய்விட்டது. சகமாணவரோடு ஒப்பிட்டுக் கணக்கிடப்பட்ட பழைய மொத்தப் புள்ளி முறை 2021இல் நீங்கி, ஒவ்வொரு பாடத்துக்கும் ஒன்று முதல் எட்டு வரையிலான அடைவுநிலை வந்தது. இவை நல்ல மாற்றங்கள். ஆனால் துணைப்பாட வகுப்புகளுக்குக் குடும்பங்கள் செலவிடும் தொகை 2018இல் ஆண்டுக்கு 140 கோடி வெள்ளியாக இருந்து, 2023இல் 180 கோடி வெள்ளியானது. தேர்வைக் குறைத்தாலும் வீட்டில் அச்சம் குறையவில்லை. நான்கு பாடங்களில் தாய்மொழியும் ஒன்று என்பதால், தமிழில் இழக்கும் ஒரு படி கணிதத்தில் இழக்கும் ஒரு படிக்குச் சமம். அந்தக் கணக்கைப் பெற்றோரும் போடுகிறார்கள், பிள்ளைகளும் போடுகிறார்கள்.

இதுவரை சொன்னது எந்தப் பாடத்துக்கும் பொருந்தும். தமிழுக்கு மட்டுமே உரிய சுமை ஒன்று உண்டு. இது பிறமொழி அல்ல, ‘உன் தாய்மொழி’ என்று சொல்லிக் கொடுக்கப்படும் மொழி. 1966இல் உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாம் மொழி கட்டாயமானது. 1982இல் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி மூடப்பட்டது. அதன் பெயர் இன்று பீட்டி சாலையிலுள்ள தமிழ்மொழி நிலையத்தில் வாழ்கிறது. 1987இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழியானது. வீடுகளும் மெல்ல மாறின. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழை வீட்டில் அதிகம் பேசியவர்கள் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5. அதே காலத்தில் ஆங்கிலம் 32.3இலிருந்து 48.3க்கு ஏறியது. ஆகவே தமிழ் வகுப்பில் உட்காரும் பல பிள்ளைகளுக்குத் தமிழ் நடைமுறையில் இரண்டாம் மொழி, சொல்லளவில் தாய்மொழி. பிறமொழியைத் தப்பாகப் பேசினால் பாராட்டுவார்கள். தாய்மொழியைத் தப்பாகப் பேசினால், “தமிழ்ப் புள்ளையா நீ?” என்ற கேள்வி வரும்.

அந்தக் கேள்வி எவ்வளவு கெடுதல் செய்கிறது என்பதை மொழியியலாளர் ஸ்டீபன் க்ராஷன் 1998இல் எழுதினார். குடும்ப மொழியை அரைகுறையாக அறிந்தவர்கள் பேச முயலும்போது, உறவினர்களே சிரித்துத் திருத்துகிறார்கள். பிழையில்லாமல் பேச முடியாதவர்கள் பேசுவதையே விட்டுவிடுகிறார்கள். பேசாததால் மொழி மேலும் தேய்கிறது. அப்போது சிரிப்புக்கு இன்னும் காரணம் கிடைத்துவிடுகிறது. நெதர்லாந்திலுள்ள துருக்கியக் குடும்பங்களை ஆராய்ந்த யேஷிம் செவின்ச்சும் தவேலும் தலைமுறை வேறுபாட்டைக் கண்டார்கள். முன்னால் வந்த தலைமுறைகளுக்கு டச்சு மொழி பேசுவதில் பதற்றம். மூன்றாம் தலைமுறைக்குத் துருக்கிய மொழி பேசுவதில் பதற்றம். தாத்தா ஆங்கிலத்துக்கு அஞ்சியதும் பேரன் தமிழுக்கு அஞ்சுவதும் இங்கும் நடந்திருக்கிறது. தோ பாயோ லோரோங் எட்டில் உள்ள வைரவிமட காளியம்மன் கோவிலில் வெள்ளிக்கிழமை மாலை சிறிது நேரம் நின்றால் போதும். பாட்டி தமிழில் கேட்பார், பேத்தி ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், இருவருக்கும் எல்லாம் புரிந்திருக்கும். அந்தப் பேத்தி தமிழை வெறுக்கவில்லை. பாட்டியின் முன்னால் பிழைபட விரும்பவில்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நம் சமூகத்தின் ஊக்குவிப்பு முயற்சிகளைக் கொஞ்சம் கண்டிப்பாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2012 முதல் ஏப்ரல் மாதத்தில் தமிழ்மொழி விழா கொண்டாடப்படுகிறது. ‘தமிழை நேசிப்போம், தமிழில் பேசுவோம்’ என்பது வளர்தமிழ் இயக்கத்தின் முழக்கம். அதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் முதலில் நேசம், அதிலிருந்து பேச்சு என்ற வரிசை வகுப்பறையில் பல சமயம் தலைகீழாகத்தான் நடக்கிறது. பேச முடிந்த பிறகே பிடிக்கத் தொடங்குகிறது. நாடகமும் பேச்சுப்போட்டியும் ஏற்கெனவே துணிந்த பிள்ளைகளை மேலும் துணிய வைக்கின்றன. துணியாதவர்கள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, தங்களால் முடியாது என்பதை இன்னொரு முறை உறுதி செய்துகொள்கிறார்கள்.

பரிசுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபர்டு மழலையர் பள்ளியில், வண்ணப் பேனாக்களால் வரைவதை விரும்பிய குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். வரைந்தால் விருது என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், ஓரிரு வாரம் கழித்துத் தாமாக வரைந்த நேரம் குறைந்துபோனது. எதிர்பாராமல் விருது பெற்றவர்களுக்கோ விருதே இல்லாதவர்களுக்கோ அப்படி நேரவில்லை. எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் பிறகு விரித்துச் சொன்ன கோட்பாட்டின்படி, உள்ளூக்கம் வளர மூன்று தேவை: தானாகத் தேர்ந்த உணர்வு, என்னால் முடியும் என்ற உணர்வு, என்னைச் சேர்ந்தவர்கள் என்ற உணர்வு. நம் தேசிய கல்விக் கழகத்தின் ஆய்வாளர்கள் வூன் சியா லியூவும் ஜான் வாங்கும் ரயனோடு சேர்ந்து, இக்கோட்பாட்டின் அடிப்படையிலான ஒரு தொகுப்பு நூலை 2016இல் கொண்டுவந்திருக்கிறார்கள். எனவே இது இங்கே அறியப்படாத சிந்தனை அல்ல. தமிழ் வகுப்புக்கு இதைப் பொருத்தினால், சேர்ந்திருக்கும் உணர்வைத்தான் நாம் ஓயாமல் ஊட்டுகிறோம். முடியும் என்ற உணர்வுக்கான சின்னச் சின்ன வெற்றிகளைத் தர மறக்கிறோம்.

இனி ஆசிரியர்கள். மாணவர்களின் பதற்றத்தைப் பற்றிய பேச்சில் இவர்கள் தீர்வாகவோ குற்றவாளியாகவோ மட்டுமே வருகிறார்கள், பதற்றப்படுகிறவர்களாக வருவதில்லை. 1986இல் மாணவர்களுக்கு அளவுகோல் செய்த அதே ஹார்விட்ஸ், 1996இல் ஆசிரியர்களைப் பற்றி எழுதினார். தம் தாய்மொழி அல்லாத மொழியைக் கற்பிப்பவர்களும் அந்த மொழிக்கு அஞ்சுகிறார்கள். அஞ்சுகிறவர்கள் உரையாடலைத் தவிர்த்துப் புத்தகத்துக்குள் ஒதுங்குகிறார்கள் என்றார். 2010இல் சிகாகோவின் ஷான் பைலாக்கும் குழுவினரும், தொடக்கநிலை ஆசிரியைகள் 17 பேரின் கணித அச்சத்தை அளந்து, அவர்களின் வகுப்புகளை ஆராய்ந்தார்கள். ஆண்டின் தொடக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆண்டின் முடிவில் ஆசிரியையின் அச்சம் அதிகமாக இருந்த வகுப்புகளில், பெண் பிள்ளைகள் ‘கணிதம் ஆண்களுக்கு’ என்று நம்பத் தொடங்கியிருந்தார்கள். அப்படி நம்பியவர்களின் அடைவும் குறைந்திருந்தது. அச்சம் பாடத்திட்டத்தில் இல்லாத பாடமாகக் கற்பிக்கப்பட்டுவிட்டது.

சிங்கப்பூர்த் தமிழாசிரியர் நிற்கும் இடத்தை எண்ணிப் பாருங்கள். பள்ளியில் தமிழாசிரியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருப்பார்கள். பாட ஐயத்தைப் பக்கத்து மேசையில் கேட்டுத் தீர்த்துக்கொள்வது எளிதல்ல. ஒரே வகுப்பில் சென்னையிலிருந்து அண்மையில் வந்த குடும்பத்துப் பிள்ளையும், தமிழை வாரத்தில் சில மணி நேரம் மட்டுமே கேட்கும் பிள்ளையும் இருப்பார்கள். ஒரு பெற்றோர், பாடம் மிக எளிது என்பார். இன்னொருவர், பிள்ளை அழுகிறது என்பார். இங்கேயே ஆங்கிலச் சூழலில் வளர்ந்து தமிழாசிரியரான இளையவர்களுக்குத் தங்கள் தமிழையே யாரேனும் எடைபோடுகிறார்களோ என்ற உள்பயம் உண்டு. இதற்கு மேல், மொழியின் எதிர்காலமே அவர்கள் தோளில் இருப்பதாக ஒவ்வொரு விழாவிலும் யாராவது பேசுகிறார்கள். கணித ஆசிரியரிடம் கணிதத்தைக் காப்பாற்றச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

வேலைச் சுமை தனி. அனைத்துலக ஆசிரியர் ஆய்வான டாலிஸின்படி, இங்குள்ள ஆசிரியர்கள் 2013இல் வாரத்துக்கு 48 மணி நேரமும் 2018இல் 46 மணி நேரமும் வேலை செய்தார்கள். மற்ற நாடுகளின் சராசரியைவிட அது பல மணி நேரம் கூடுதல். 1951இல் தொடங்கிய சிங்கப்பூர்த் தமிழாசிரியர் சங்கமும் தமிழ் முரசும் கைகோத்து வழங்கும் நல்லாசிரியர் விருது இந்த உழைப்புக்கான மரியாதை. அந்த மரியாதை தேவை. ஆனால் விருது பெறாத ஆசிரியரின் திங்கட்கிழமைக் காலையை விருது இலேசாக்குவதில்லை.

பேச்சுத் தமிழை வகுப்புக்குள் கொண்டுவர வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பரிந்துரைத்தது. தேசிய கல்விக் கழகத்தின் சீதாலட்சுமி, வனிதாமணி சரவணன் போன்றோர் இத்துறையில் தொடர்ந்து ஆய்வு செய்திருக்கிறார்கள். அந்தப் பரிந்துரையைப் பயத்தைக் குறைக்கும் ஏற்பாடாகவும் நான் பார்க்கிறேன். வாயில் இயல்பாக வரும் வடிவத்துக்கே மதிப்பெண் உண்டு என்றால் பாதிக் கவலை போக வேண்டும். நடைமுறையில் இன்னும் முழுதாகப் போகவில்லை. பேச்சுத் தமிழைக் கொச்சை என்று கேட்டு வளர்ந்த ஆசிரியருக்கு அதை வகுப்பில் பேசவே கூச்சம். ‘போயிட்டாரு’ என்ற பிள்ளையைப் பாராட்டும்போதே, ‘சென்றுவிட்டார்’ என்பதுதான் சரி என்று முகம் சொல்லிவிடும். அந்தச் சிறுமி ஆசிரியையின் முகத்தில் தேடியது இதைத்தான்.

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு விரைவான வழிகளை விற்க எனக்கு விருப்பமில்லை. தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தன் பயத்தைப் பற்றி எழுதினால் மதிப்பெண் உயர்கிறது என்று ரமிரெஸும் பைலாக்கும் 2011இல் சொன்னது உலகெங்கும் பரவியது. 2018இல் ஓர் ஆய்வாளர் குழு, புகழ்பெற்ற இதழ்களில் வந்த 21 சோதனைகளை மறுபடி செய்து பார்த்தபோது, உறுதிப்படாதவற்றில் இதுவும் ஒன்றாக இருந்தது. எழுதிப் பார்ப்பதில் தீங்கில்லை, நம்பி உட்காருவதற்கில்லை. இதைவிட உறுதியானது, பழையதும் செலவில்லாததுமான ஒன்று. 1970களில் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்பறைகளைப் பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்ட ஆசிரியர், பதிலுக்காகக் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடி. அதை மூன்று நொடியாக்கப் பழக்கியபோது பதில்கள் நீண்டன. வாயே திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். இரண்டு தமிழுக்கிடையில் சொல்லைத் தேடும் பிள்ளைக்கு அந்த இரண்டு நொடிதான் வேண்டும். “தெரியும், வெயிட்” என்று அந்தச் சிறுமி கேட்டதும் அதையேதான்.

அந்த இரண்டு நொடியை ஆசிரியரால் சும்மா தந்துவிட முடியாது. முடிக்க வேண்டிய அலகும், திருத்த வேண்டிய கட்டுரைத் தாள்களும், மாலையில் அழைக்கப்போகும் பெற்றோரும் அவர் மனத்தில் இருக்கும்வரை மௌனம் அவருக்கும் பயமாகத்தான் இருக்கும். ஆகவே பள்ளித் தலைவர்களிடம் கேட்க வேண்டியது, வாரத்தில் ஒரு பாடவேளையாவது மதிப்பெண்ணும் திருத்தமும் இல்லாத வெறும் பேச்சுக்கு ஒதுக்குங்கள் என்பதும், அந்த வேளையில் எவ்வளவு பாடம் முடிந்தது என்று ஆசிரியரைக் கேட்காதீர்கள் என்பதும்தான். பெற்றோரிடம் கேட்க வேண்டியது இன்னும் சிறியது. பிள்ளை தமிழில் ஒரு வாக்கியம் சொன்னால் அதன் பிழைக்குப் பதில் சொல்லாமல், அது சொன்ன செய்திக்குப் பதில் சொல்லுங்கள், தமிழிலேயே.